நிஞ்சாப் பயலின் மூக்கு

தம்பி, தம்பி… அந்தப் பக்கத்தத் திருப்பிராதீங்க. ஒரு நிமிஷம். விரல அப்படியே வச்சுக்கிடுங்க.

இல்ல இல்ல, நான் எட்டியெல்லாம் பாக்கல. இந்த வயசுல எனக்கெதுக்கு பொம்மப் புஸ்தகம்? பஸ் ஜன்னல் வழியா வயக்காட்டப் பாத்துட்டு வந்தேன், நடுவுல உங்க புஸ்தகம் வந்துட்டு. ‘நிழல்மலை நிஞ்சா’ன்னு போட்டிருக்கு. கீழ ‘இரண்டாம் பாகம்’னு போட்டிருக்கு. இம்புட்டுப் பெரிய எழுத்துல போட்டா கண்ணுல படாம என்ன செய்யும்?

மொதப் பாகம் படிச்சிருக்கீகளா? இல்லியா! அடப் பாவமே. தாய்ப் பத்திரத்தப் பாக்காம கிரையம் முடிக்கலாமா தம்பி? நாளைக்கு ஏதாவது வில்லங்கம்னா யாரு பதில் சொல்லுவா? நான் பத்திர எழுத்தர். புளியங்குடியில ஆவுடையப்பன்னு கேட்டீகன்னா சின்னப் பிள்ளை கூட ஆபீஸக் காட்டும். ஒரு காகிதத்தக் கையில வாங்குனா, அதுல நல்லது என்ன இருக்குன்னு என் கண்ணு பாக்காது. எங்க கோளாறு இருக்குன்னுதான் போகும். பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட, அவுக அப்பா பேருக்கு முன்னால இனிஷியல் ஒண்ணு விட்டுப் போயிருக்கேன்னுதான் கேட்டேன். எங்க வீட்டம்மா இன்னைக்கும் அதச் சொல்லிக் காட்டுவா.

மொதப் பாகத்தச் சுருக்கமா சொல்லிருதேன். நீங்க அதுவரைக்கும் திருப்பாதீங்க, என்ன?

நிழல்மலைன்னு ஒரு மலை. அங்க ஷிந்தான்னு ஒரு பய. நிஞ்சா தொழில் படிக்கான். நிஞ்சான்னா தெரியும்லா, கருப்புத் துணியக் கட்டிக்கிட்டு ஓட்டு மேல சத்தமில்லாம ஓடுவானுக. இவனும் நல்லா ஓடுதான், நல்லாக் குதிக்கான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மூக்குக் கோளாறு. துளி தூசி பட்டாப் போதும், தும்மிருவான். சத்தமே போடக் கூடாத தொழில்ல தும்மக்காரன்! அவன் ஊரோட மலைப் பத்திரம், சுருளா இருக்கும், அத ஒரு ஜமீன்தார் பிடுங்கிட்டுப் போயிருதான். அத எடுக்க இந்தப் பய அரமனைக்குள்ள போறான். அவன் அக்கா மியோ அங்க சமையக்காரி வேஷத்துல இருக்கா. இவன் உத்தரத்து மேல படுத்திருக்கான். கீழ ஜமீன்தாரு, வாள் வச்சுக்கிட்டு காவக்காரனுக, அவுக நடுவுல அக்கா தட்டு ஏந்திக்கிட்டு நிக்கா. உத்தரத்துல தலைமொறை தலைமொறையாச் சேந்த தூசி. கடேசிப் பக்கம் முழுக்க ஒரே ஒரு படம். மூக்கு.

வெறும் மூக்கு தம்பி! நுனி லேசாத் தூக்கியிருக்கு. பக்கத்துல ‘ஹா…’ன்னு எழுத்து. முடிஞ்சது. தொடரும்.

இப்ப சொல்லுங்க, இது ஞாயமா? பய தும்முனானா தும்மலியா? தும்முனா அவனும் காலி, அவன் அக்காளும் காலி. கையெழுத்துப் போடாம பாதியில விட்ட பத்திரத்த நான் பாத்திருக்கேன். ஆனா பேனாவத் தூக்கி, மை காகிதத்துல விழுகப் போற நேரத்துல எந்திரிச்சுப் போன ஆள நான் பாத்ததில்ல.

எனக்கு அதப்பத்திக் கவலை இல்ல. தும்முனா என்ன, தும்மாட்டி என்ன. என் வருத்தம் வேற. எங்க ஊரு வாசகர் வட்டம் எனக்குச் செஞ்ச துரோகம் இருக்கே, அதத்தான் சொல்ல வாரேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துல கூடுவோம். சாம்பார் வாடையில எலக்கியம் பேசுனா அது ஒரு தனி ருசி. எங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்தப் புஸ்தகம் எடுத்தாலும் ஒருத்தர் நிறை பேசணும், ஒருத்தர் குறை பேசணும். பொறகு கை தூக்கச் சொல்லுவோம். நிறைக்குக் கூட கை விழுந்தா அதோட அடுத்த புஸ்தகத்த வட்டம் வாங்கும். செயிச்சவருக்குப் பொன்னாடை. தோத்தவருக்கு ஒரு துண்டு.

வட்டம் தொடங்குன நாள்லருந்து குறை பேசுறது நான்தான். எங்க வீட்டுல துண்டுக்குப் பஞ்சமே கெடையாது.

தோக்கதப்பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அதுதான முறை? நான் எந்திரிச்சு, எழுத்தாளனக் கிழிகிழின்னு கிழிப்பேன். கூட்டம் கை தட்டும். அண்ணாச்சி இன்னைக்கு வெளுத்து வாங்கிட்டாகம்பாக. பொறகு எல்லாரும் நிறைக்குக் கைய தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாக. கல்யாணத்துல காசிக்குப் போறேன்னு கொடையத் தூக்கிட்டுக் கெளம்புற மாப்பிள்ளைய, ‘சரி, போயிட்டு வாங்க’ன்னு யாராவது வழியனுப்பி வைப்பாகளா? தடுத்து நிறுத்தணும்லா? அந்த நம்பிக்கையிலதான அவன் கொடையவே தூக்குதான்!

இந்த மாசம் ஒரு உறுப்பினரோட மகன் பெங்களூர்லருந்து ஒரு பெட்டி புஸ்தகம் குடுத்துவிட்டான். அதுல இது ஒண்ணு. தலைவர் கோமதிநாயகம் சார் இருக்காகளே, ‘உலக எலக்கியம்னு பேசுதோம், ஜப்பானும் உலகத்துலதான இருக்கு’ன்னு இதையே எடுத்துட்டாரு. நிறைக்கு எப்சிபா சிஸ்டர். பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவுக. குறைக்கு வழக்கம் போல நான்.

என் முறை என்னன்னா, மொதப் பத்துப் பக்கம், கடேசிப் பத்துப் பக்கம். அவ்வளவுதான் படிப்பேன். ஒரு வில்லங்கத்தக் கண்டுபிடிக்க அது போதும். நடுவுல உள்ளதப் படிச்சா எழுதுனவன் மேல பாசம் வந்துரும், பொறகு குறை பேச நாக்கு எழும்பாது. இந்தப் புஸ்தகத்தத் திறக்கேன், மொதப் பக்கத்துலயே ‘நில்லுங்கள்! நீங்கள் தவறான பக்கம் வந்துவிட்டீர்கள்!’னு போட்டிருக்கான். எனக்கு வந்துச்சே கோவம். யாரப் பாத்து நில்லுங்கான்? ஜப்பான்காரன் புஸ்தகம் பின் அட்டையிலருந்து முன்னால ஓடும்னு எனக்கென்ன தெரியும்? சோசப்பு கடையில வாங்குன டீயக் கையில வச்சுக்கிட்டே, இவனுக்குச் சரியான பக்கம் எதுன்னு பாத்துருவோம்னு அந்தப் பக்கத்துலருந்து பொரட்டுனேன். டீ ஆறி ஆடை கட்டிட்டு. வாசல்ல கிரையத்துக்கு வந்த ஆளு ஒக்காந்து ஒக்காந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நான் நிமிந்து பாத்தா மூக்குல நிக்கேன்.

குறை பேசணும்னா ஒழுங்காப் பேசணும்லா, அதனால இன்னொரு தடவ படிச்சேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவ. குறை கண்டுபிடிக்கதுக்குத்தான்.

பொறகு ஒரு ஆராய்ச்சி செஞ்சேன். ஒரு மனுசன் தும்மல எம்புட்டு நேரம் அடக்க முடியும்? முடியவே முடியாதுன்னா கதாசிரியன் பொய் சொல்லுதான்னு சாட்சியோட பேசலாம்லா? எங்க வீட்டம்மா மிளகா வத்தலத் தாளிக்கும்போது அடுப்புப் பக்கத்துல போயி, கடியாரத்தக் கையில வச்சுக்கிட்டு, மூக்கப் பிடிச்சுட்டு நின்னேன். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். அந்த நேரம் பாத்து எப்சிபா சிஸ்டர் உள்ள வாராக, எங்க வீட்டம்மாவுக்கு சுகர் பாக்க. ‘என்ன அண்ணாச்சி இங்கன நிக்கீக?’ன்னு கேட்டாக. ‘சமையல் எப்படி நடக்குன்னு மேற்பார்வை பாக்கேன்’னு சொன்னேன். புஸ்தகம் அஞ்சறைப் பெட்டி மேல திறந்து கெடந்துச்சு, அதையும் பாத்தாக. ‘நல்லாப் பாருங்க அண்ணாச்சி’ன்னுட்டுப் போயிட்டாக. பாவம், நம்பிட்டாக. வெள்ளந்தியான பொம்பள.

சிவகிரி வந்துட்டா? ஏறுறவுக ஏறட்டும், நீங்க விரல எடுத்துராதீங்க.

கூட்டம். மொதல்ல வாசகர் கருத்து. எலுமிச்சங்கா மண்டி வச்சிருக்கவரு எந்திரிச்சாரு. ‘கதை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா புஸ்தகம் முழுக்கத் தேடிட்டேன், பய ஒரு வேளை கூட ஒழுங்காச் சாப்பிடல. வெறும் வயித்துல ஓட்டு மேல ஓடுனா கிறுகிறுன்னு வராதா?’ன்னாரு. ரிட்டயர்டு ஏட்டையா ஒருத்தர், ‘ராத்திரி அடுத்தவன் கூரையில ஏறுனா அது குத்தம். கதாநாயகன்னாலும் குத்தம் குத்தந்தான்’னுட்டு ஒக்காந்துட்டாரு. இட்லிக்கடை அம்மா எந்திரிச்சு, ‘அந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா இருந்திருந்தா தூதுவளை ரசம் வச்சுக் குடுத்திருப்பா, இம்புட்டுத் தூரம் வந்திருக்காது’ன்னு சொன்னாக பாருங்க, அவ்வளவுதான், கூட்டம் கை மாறிட்டு. நொச்சி போட்டு ஆவி பிடிக்கணும்கான் ஒருத்தன். இல்ல, ஓமத்தத் துணியில முடிஞ்சு மோந்து பாக்கணும்கான் இன்னொருத்தன். கோமதிநாயகம் சாரு மேசையத் தட்டி, ‘எலக்கியம் பேசுங்கய்யா, எலக்கியம்!’னு கத்துதாரு. ‘ஓமம் வேண்டாம் சார், சூடு’ன்னு பின் வரிசையிலருந்து பதில் வருது.

பொறகு நிறை பேச சிஸ்டர் எந்திரிச்சாக. ஊசி போடுறவுக பேச்சும் ஊசி மாதிரிதான் இருக்கும். மொதல்ல என்னப் பாத்து, ‘அண்ணாச்சி, புஸ்தகத்த முழுசாப் படிச்சீகளா?’ன்னு கேட்டாக. ‘மூணு தடவ! குறை கண்டுபிடிக்க!’ன்னேன். லேசாச் சிரிச்சாக. ‘நானும் படிச்சேன். நல்லா இருந்துச்சு. நன்றி’ன்னுட்டு ஒக்காந்துட்டாக.

இதுதானா நிறை? பயலப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? அக்கா தட்டு நடுங்காம நிக்காளே, அதப்பத்தி ஒரு வார்த்தை உண்டா? கொட்டுற மழையில அவன் ஓட்டு மேல இருக்க குருவிக் கூட்ட மிதிச்சிரக் கூடாதுன்னு தாண்டிப் போற எடம் ஒண்ணு இருக்கு, வசனமே கெடையாது, அதச் சொல்ல வேண்டாமா? எனக்கு வயிறு எரியுது. ஆனா நான் குறைக்காரன், நான் சொல்ல முடியாது.

நான் எந்திரிச்சேன். சிஸ்டர் பேசாததையும் சேத்து எனக்குக் கோவம். வெளுத்தேன் தம்பி. அந்தப் பத்திரச் சுருளுக்கு நாலு எல்லை உண்டா? சாட்சிக் கையெழுத்து உண்டா? சர்வே நம்பர் இல்லாத மலைக்காகவா ஒரு சின்னப் பயல உத்தரத்துல ஏத்துனீக? பச்சப் பகல்ல கருப்புத் துணி கட்டிக்கிட்டு ஓடுதானே, எவன் கண்ணுக்குத் தெரியாது? கடேசியில அந்த மூக்குக்கு வந்தேன். ‘ஒரு குடும்பமே சாகக் கெடக்கு, நீ மூக்கப் படம் போட்டுட்டுப் போறியே, நீ மனுசனா? படிச்சவன் எப்படிச் சாப்பிடுவான்? எப்படித் தூங்குவான்? அடுப்படியில போயி நிக்க மாட்டானா?’ன்னு கேட்டேன். கேட்டுட்டுப் பொத்துன்னு ஒக்காந்துட்டேன்.

கை தூக்கச் சொன்னாரு சாரு. நான் துண்டு வாங்கத் தோளத் தயாரா வச்சிருக்கேன். ‘குறைக்கு யாரு கை தூக்குதீக?’ங்காரு. மொதக் கை யாரு கைங்கீக? எப்சிபா சிஸ்டர் கை! நிறை பேசுனவுகளே குறைக்குக் கை தூக்குதாக! ‘அண்ணாச்சி இம்புட்டு மனசு நொந்து பேசும்போது நாம வாங்குனா நல்லாவா இருக்கும்?’னு வேற சொல்லுதாக. அம்புட்டுப் பேரும் பின்னாலயே தூக்கிட்டாக. ஏட்டையா ரெண்டு கையத் தூக்கிட்டாரு.

அடுத்த பாகம் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம். கொடையத் தூக்குன மாப்பிள்ளைய நெசமாவே ரயிலேத்தி விட்டுட்டாக!

எனக்குப் பொன்னாடை போத்துனாக. இந்தா, நான் மடியில போட்டிருக்கேனே, இதுதான். சரிகை எல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சு வருது, கழுத்துல போட்டா மூக்குல ஏறி அரிக்கி. இத்தன வருசம் நான் பேசுனதுக்கு ஒரு பய காது குடுத்ததில்ல. குடுக்கக் கூடாத அன்னைக்குப் பாத்துக் குடுத்துட்டானுக. இது துரோகம் இல்லியா? நீங்களே சொல்லுங்க. அதுலயும் அந்த சிஸ்டர், வாய்க்குள்ள கொழுக்கட்டைய வச்ச மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டு ஒக்காந்தாக பாருங்க, அந்தப் பொம்பளைக்கு என் மேல என்ன வன்மமோ.

இன்னைக்கு ராஜபாளையம் வந்தது கண்ணாடி மாத்தத்தான். வந்ததோட ரெண்டு மூணு புஸ்தகக் கடையில சும்மா நுழைஞ்சேன். வெயிலுக்கு. ஜப்பான்காரன் புஸ்தகமெல்லாம் இங்க வராதுன்னுட்டானுக. கண் டாக்டர்ட்ட கூட, ‘பதிமூணு பதினாலு வயசுப் பையன் தும்மல அடக்குனா என்ன ஆகும்?’னு கேட்டேன். ‘உங்க பேரனா?’ன்னாரு. ஆமான்னுட்டேன். பொறகு யாருன்னு சொல்லச் சொல்லுதீக?

வாசுதேவநல்லூர் தாண்டிட்டு போல. பேச்சுல தெரியவே இல்ல. ஆமா, நீங்க எங்க எறங்குதீக? புளியங்குடியா! நம்ம ஊரா! யாரு வீட்டுக்கு? அத்தை வீட்டுக்கா, நல்லது நல்லது. அங்க எனக்குத் தெரியாத ஆளு கெடையாது. அத்தை பேரு என்ன?

யாரு?

தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

எப்சிபா சிஸ்டர் தங்கமான மனுசி. நான் கொழுக்கட்டைன்னு சொன்னேனா? அது பழமொழி மாதிரி சொல்லுறது. வன்மம்னா, அத நீங்க வேற மாதிரி எடுத்துக்கிடக் கூடாது. அவுக ஊசி போட்டா வலியே தெரியாது தம்பி, ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாக.

அப்ப இந்தப் புஸ்தகம் அவுகளுக்கா? மதுரையிலருந்து வாங்கிட்டு வரச் சொன்னாகளா? எப்பச் சொன்னாக? கூட்டம் முடிஞ்ச அன்னைக்கேவா? பாத்தீகளா! எனக்குத் தூக்குன கையாலயே உங்களுக்குப் போன் போட்டிருக்காக!

வேற என்ன சொன்னாக? ‘அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, அவரு வாயத் திறந்து புஸ்தகம் வேணும்னு கேட்டாத்தான் குடுப்பேன்’னா? எந்த அண்ணாச்சியாம்? இருக்கும், எங்க ஊர்ல அண்ணாச்சிமாருக்கா பஞ்சம். யாரோ பாவம், ரொம்ப ஆசப்பட்டு அலையுதான் போல.

ஸ்டாண்டுக்கே வந்து நிப்பாகளா? இப்பவேவா?

தம்பி, இங்க பாருங்க. அத்தைக்கு வாங்குன புஸ்தகத்த அவுக பாக்குறதுக்கு முன்ன நீங்க பிரிச்சிருக்கீக. அது தப்பு. நான் சொல்ல மாட்டேன். நான் ஒரு பக்கம் பாத்தேன்னு நீங்களும் சொல்ல வேண்டாம். ரெண்டு பக்கமும் சம்மதம், வில்லங்கம் இல்லாத ஒப்பந்தம். எனக்காக இல்ல, குறை பேசுறவன் முடிவத் தெரிஞ்சுக்கிடாமப் பேசுனான்னு நாளைக்கு யாரும் சொல்லிரக் கூடாதுலா?

அந்தா நம்ம ஊரு எலுமிச்சங்கா மார்க்கெட்டு வந்துட்டு. சீக்கிரம். விரல் இருக்கா? அதே மூக்குதான் இதுலயும் மொதப் பக்கம். திருப்புங்க. இருங்க, இருங்க… நான் கண்ண மூடிக்கிடுதேன். வேண்டாம், திருப்புங்க. அய்யோ, அந்தப் பக்கம் இல்ல, ஜப்பான்காரன் பக்கம்! ஆங். மெதுவா.

நூறு! நூறாயுசு! நல்லாயிரு ராசா! நல்லாயிரு!

தும்மிட்டான் தம்பி! தும்முன வேகத்துல தூசி பூராக் கொட்டி வெளக்கு அணைஞ்சிட்டு! பாருங்க, ஒரு பக்கம் முழுக்கக் கருப்பு! என்னா மூளை அவனுக்கு! கருப்புக்குள்ள அக்கா என்ன ஆனா? அடுத்த பக்கம், அடுத்த பக்கம்…

ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்கீக? ஒண்ணுமில்ல கண்டக்டர், நீங்க விசில ஊதுங்க.

அய்யய்யோ. வண்டி நின்னுட்டு. ஜன்னலுக்கு நேராவே நிக்காகளே! புஸ்தகத்தப் பைக்குள்ள வைங்க, பைக்குள்ள!

ஸ்தோத்திரம் சிஸ்டர்! என்னது? சத்தமா? யாரு, நானா? நான் யாருக்கு நூறு சொல்லப் போறேன். பக்கத்து சீட்டுல இந்தத் தம்பி தும்முனாரு. அதுக்குத்தான் சொன்னேன். உங்க மருமகன்னு இப்பத்தான் தெரியும். ஆமா சிஸ்டர், ரொம்ப நேரமாத் தும்மிக்கிட்டேதான் வாராரு.

தம்பி, அவுக நம்பல. உங்க மூஞ்சியவே பாக்காக. ஒரு தும்மல் தும்முங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு, என் மானம் போகுது. வரலியா? இந்தா, இந்தப் பொன்னாடை நூல மூக்குக்குள்ள விடுங்க. நல்லா விடுங்க. அடக்காதீங்க தம்பி, அடக்காதீங்க. தும்முங்க!